மாமா முதுகில் ஒட்டிய சீட்டு

"வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தையைக் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் நின்றுகொண்டது.

பங்காரு மஹாலின் வரவேற்பு மேஜைக்கு முன்னால் பெண்ணின் பெரிய மாமா வீரபத்திரன் நின்றிருந்தார். ஆறடி உயரம், அதில் ஓர் அடி மீசைக்கே போய்விடும். அவரை எப்படி வரவேற்பது, எந்தப் பந்தியில் உட்கார வைப்பது, இலையில் என்ன போடுவது என்று எல்லாவற்றையும் அந்தத் திரை சொல்லும் என்பதுதான் ஏற்பாடு. அதைச் செய்த ஷண்முகசுந்தரம் ஒரு வாரமாகத் திருத்தணி பஜார் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"அவ்ளோதானா?" என்றார் பெரிய மாமா.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஸ்னேகா திரையை இன்னொரு தடவை பார்த்தாள். மண்டப முதலாளி பங்காருவின் தங்கை மகள் அவள். திரையில் வருவதை ஓர் எழுத்து விடாமல் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது மாமனின் உத்தரவு. படித்தாள்.

"வாங்க."

"அதான் வந்துட்டனே. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. கல்கண்டு எடுத்துக்கோங்க."

பெரிய மாமா கற்கண்டைப் பார்த்தார். பன்னீர்ச் செம்பைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தார்.

பங்காரு ஓடி வந்தார்.

"இன்னா நைனா இது? மேஜை போட்டு, பொட்டி வெச்சு, தலைக்கு மேல இம்மாம் பெரிய டிவி மாட்டி, 'வாங்க'ன்னு சொல்றதுக்கா? அதை எங்க வாட்ச்மேன் சம்பளம் வாங்கிகினு ஒழுங்கா சொல்லிகினு இருந்தான்."

"ஒரு அஞ்சு நிமிஷம்ணா" என்றான் மேஜையருகில் நின்ற சுந்தரம்.

"தாலி கட்டுற வரைக்கும் டைம். அதுக்குள்ள இது பேசலைன்னா, பொட்டியைத் தூக்கிகினு உங்கப்பா கூட மலைக்குப் போ. அங்க அரிசி களைய ஆள் வேணுமாம்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. சுந்தரத்தின் அப்பா சாமிநாதன் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். அவருடைய அப்பாவும் அதே, அவருக்கு அப்பாவும் அதே. பையன் மட்டும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் எட்டு மாதம் ஜாவா படித்துவிட்டு, ஒரு சர்டிஃபிகேட்டும் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமுமாகத் திரும்பி வந்தான். கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் அமெரிக்கா போக வேண்டும், முடியாவிட்டால் அம்பத்தூர் வரைக்குமாவது போக வேண்டும் என்பது தெருவின் கணக்கு. இவன் இரண்டும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சென்டரில் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். 'ஆடிக் கிருத்திகைக்குள்ள உன் பொட்டி சோறு போடலைன்னா கரண்டியைப் பிடி' என்று சாமிநாதன் சொல்லிவிட்டார். இது 2006, ஆனி மாதம். ஆடிக்கு அதிக நாள் இல்லை.

பங்காருவுக்கு மூன்று மண்டபங்கள். திருத்தணியில் ஒன்று, பள்ளிப்பட்டில் ஒன்று, ஆர்.கே.பேட்டையில் ஒன்று. இந்தப் புதன்கிழமைக் கல்யாணத்தில் பெட்டி ஒழுங்காகப் பேசினால் மூன்றிலும் வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். சுந்தரத்துக்குக் கரண்டியா கீபோர்டா என்பது இன்றைக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுந்தரம் சொல்லிக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். கேட்காதவர்கள் நம் ஊரில் யாரும் பாக்கியில்லை. ஜாவாவில் ஒவ்வோர் உறவுக்கும் ஓர் அச்சு செய்து வைத்திருக்கிறான். அதற்குக் கிளாஸ் என்று பெயராம். பெரிய மாமா ஓர் அச்சு, அத்தை ஓர் அச்சு, அக்கா புருஷன் பாவா ஓர் அச்சு. ஒவ்வோர் அச்சின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் தன் முதுகைத் தானே பார்த்து, அந்தச் சீட்டில் இருப்பதைப் படித்துச் சொல்லும். கண்ணாடி பார்ப்பதற்கு ரிஃப்ளெக்ஷன், சீட்டுக்கு அனோட்டேஷன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அது யோசிக்காது. இருப்பதையெல்லாம் படிக்கும். அதுதான் தன் புரோகிராமின் அழகு என்று சுந்தரம் சொல்வான்.

சீட்டில் எழுத வேண்டிய விவரத்தைத் தந்தவர் காமேஸ்வரி அம்மாள். போன வாரம் மண்டப ஆபீசில் சுந்தரம் உட்கார்ந்திருந்தான். 'பொண்ணு வூட்டுலருந்து ஒரு அம்மா வருவாங்க, சொந்தக்காரங்களைப் பத்திக் கேட்டு எழுதிக்கோ' என்று பங்காரு சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸில் இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

"பொண்ணு வூடுங்களா?" என்றான் சுந்தரம்.

"ஆங்."

அவன் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டே கால் மணி நேரம் அவனுக்குக் கேட்க இடம் கிடைக்கவில்லை. மாமா எப்போது முறுக்கிக்கொள்வார், அத்தை எதை மறைத்துத் தின்பார், பாவா போட்டோவில் எங்கே நிற்பார் என்று எல்லாம் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் பெயரும் வரவில்லை. பெரியவர்கள் பெயரை வாயில் எடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். 'பெரிய மாமா' என்பார், 'அத்தை' என்பார், அதோடு சரி. சுந்தரமும் அதற்கேற்றபடி உறவுமுறையை வைத்தே அச்சுகளைச் செய்தான். நடுவில் மஞ்சள் பை வைத்திருந்த வேறொரு பெண்மணி கதவருகில் வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பேச்சு முடிகிற மாதிரி தெரியாததால் போய்விட்டார்.

கிளம்பும்போது காமேஸ்வரி அம்மாள் அவன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "இதையெல்லாம் நான் சொன்னேன்னு யார்கிட்டயும் என் பேரை எடுத்துடாதப்பா. கல்யாணத்தன்னிக்கு வரேன் இல்ல, அப்போ பாக்கிறேன் உன் பொட்டியை."

இரண்டே கால் மணி நேர விஷயத்தை வீணாக்க மனம் வருமா? முறை என்று ஒரு வரி, சாப்பாடு என்று ஒரு வரி, மிச்சத்தையெல்லாம் குறிப்பு என்று ஒரு வரி. எல்லாவற்றையும் அந்தந்த அச்சின் சீட்டிலேயே எழுதி வைத்தான். குறிப்பு தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டான். அந்த எண்ணத்தைப் புரோகிராமிடம் சொல்ல மறந்துவிட்டான்.

இப்போது அந்தச் சீட்டு ஒன்றுமே வரவில்லை. சுந்தரம் தூணுக்குப் பின்னால் போய், கூடப் படித்த கணேஷ்ராமுக்குப் போன் போட்டான். கணேஷ்ராம் சென்னையில் ஒரு கம்பெனியில் உண்மையாகவே ஜாவா எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்.

"சீட்டே தெரியலடா. கண்ணாடி பாத்தா முதுகு காலியா கீது."

"ரிடென்ஷன் போட்டியா?"

"அப்படின்னா?"

மறுமுனையில் பெருமூச்சு. "ஒட்டுற சீட்டு எவ்ளோ நேரம் ஒட்டிகினு இருக்கணும்னு நீதான் சொல்லணும். சொல்லலைன்னா ஃபைலுக்குள்ள இருக்கும், ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. 'ரன்டைம்'னு ஒரு வரி போடு. ஓடும்போதும் தெரியும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். புத்தகத்துல போட்டிருக்கும். அதைத் தலைக்கு வெச்சுத் தூங்காம படிச்சிருந்தா..."

சுந்தரம் மிச்சத்தைக் கேட்கவில்லை. ஓடி வந்து அந்த ஒரு வரியைப் போட்டான்.

பெரிய மாமா இன்னும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். "மாமா, ஒரு நிமிஷம், சரியாயிடுச்சு" என்று கத்திவிட்டு, ஸ்னேகாவை 'பெரிய மாமா' பட்டனை அமுக்கச் சொன்னான். திரை நிறைய எழுத்து வந்தது. ஸ்னேகா உத்தரவுப்படி உரக்கப் படித்தாள்.

"வாங்க. முறை, முதல் பந்தி முதல் இலை. சாப்பாடு, ரசம் சூடாக. குறிப்பு, மரியாதை குறைந்தால் செருப்பைத் தேடுவார். செருப்பு கிடைத்தாலும் கிடைக்காத மாதிரியே தேடுவார். மூன்று பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டு பேர் போதாது."

எல்லாரும் பெரிய மாமாவைப் பார்த்தார்கள். இரண்டு செருப்பையும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அவர் தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்தில் யாரோ, "ஏய், இன்னும் ரெண்டு பேர் வாங்கடா" என்றார்கள். மூன்று பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெரிய மாமா எண்ணிப் பார்த்தார். செருப்பைக் கீழே விட்டார்.

"ரசம் சூடா இருக்கணும்" என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

சுந்தரம் மூச்சு விடுவதற்குள் அத்தை வந்தார். பெண்ணின் அப்பா குணசேகரனுக்குத் தங்கை. ஸ்னேகாவை நிறுத்தச் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் படித்து முடித்துவிட்டாள்.

"வாங்க. முறை, குங்குமச் சிமிழை நீட்டி உட்காரச் சொல்லவும். சாப்பாடு, சர்க்கரை இல்லாமல். குறிப்பு, சர்க்கரை வியாதி என்று ஸ்வீட்டை ஒதுக்குவார். இரண்டு மைசூர்பாகு கைப்பைக்குள் போகும். கேட்டால் பேரனுக்கு என்பார்."

அத்தை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினார். "நீதானே சொன்னே?"

"ஐயோ, நான் எங்க சொன்னேன்? உங்க சின்னக்கா சொல்லியிருப்பாங்க."

"நானா?" என்று சின்னக்கா பந்தி ஹாலிலிருந்தே குரல் கொடுத்தார்.

குணசேகரன் சுந்தரத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பணம் போட்டவர், கடைசியாகத் தூங்கியது எப்போது என்று தெரியாத முகம்.

"எங்க வூட்டு விஷயத்தைப் பூரா உனக்கு யாரு சொன்னது?"

"உங்க வூட்டு ஆளுதாங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிகீறேன்."

"அப்படின்னா என் பொண்டாட்டிதான்" என்று குணசேகரன் முடிவுக்கு வந்தார்.

சுந்தரம் மண்டபம் முழுக்க ஒரு சுற்றுப் பார்வையை ஓட்டினான். காமேஸ்வரி அம்மாள் கண்ணில் படவில்லை. பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார், உள்ளே இருப்பார் என்று நினைத்துக்கொண்டான். குறிப்பு வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்று கீபோர்டில் கை வைத்தபோது, பெரிய மாமாவின் பையன்கள் நாலு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். மூத்தவன் பெங்களூரில் வேலை. ஸ்னேகா 'பெரிய மாமா பையன்' பட்டனை அமுக்கினாள்.

"வாங்க" என்றாள். அதற்கு மேல் திரையில் ஒன்றும் இல்லை.

"எங்கப்பாவுக்கு அவ்ளோ எழுதிகீறீங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றான் மூத்தவன்.

"இல்லீங்க."

"நாங்க இன்னா, வழிப்போக்கனுங்களா?"

பின்னால் நின்ற மூன்று தம்பிகளும் வாசல் பக்கம் திரும்பினார்கள். சுந்தரம் மறுபடியும் தூணுக்குப் பின்னால் ஓடினான்.

"கணேஷு, மாமா சீட்டு மாமா பையனுக்கு வரல."

"ஏன் வரணும்?"

"மாமா அச்சுக்குக் கீழதானே மாமா பையனை வெச்சுகீறேன். சப்-கிளாஸ்."

"மாமா பையன் எப்படிடா மாமாவோட சப்-கிளாஸ் ஆவான்?"

"பின்ன வேற யாருக்குப் பொறந்தான்?"

கணேஷ்ராம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னான். பிறகு மனம் கேட்காமல், "சீட்டு அப்பன் கிளாஸ்லருந்து தானா கீழ எறங்காது. 'இன்ஹெரிட்டட்'னு இன்னொரு வரி போட்டாத்தான் எறங்கும். ஆனா யோசிச்சுப் போடு, அப்பன் கிட்ட இருக்கிறது அத்தனையும்..." என்றான்.

சுந்தரம் யோசிக்காமல் போட்டான்.

"வாங்க" என்று ஸ்னேகா மூத்தவனுக்குப் படிக்க ஆரம்பித்தாள். "முறை, முதல் பந்தி முதல் இலை. சாப்பாடு, ரசம் சூடாக. குறிப்பு, மரியாதை குறைந்தால் செருப்பைத் தேடுவார்..."

"இது அப்பாவோடது. நான் ஷூ போட்டுகினு வந்துகீறேன்" என்றான் மூத்தவன்.

பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி தேவயானி நின்றிருந்தாள். "தலை தீபாவளிக்கு எங்க வூட்டுல எங்கப்பா உங்களை மூணாவது பந்தியில உக்கார வெச்சப்போ, ரோடு வரைக்கும் போய் எதைத் தேடினீங்க?" என்றாள்.

தம்பிகள் மூன்று பேரும் சிரித்தார்கள். "உங்களுக்கும் அதேதான்" என்று ஸ்னேகா திரையைப் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

இந்த அளவோடு போயிருந்தால்கூடப் பங்காருவின் காலில் விழுந்து சமாளித்திருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா கௌரியம்மாள் பத்துப் பெண்கள் புடைசூழ மேஜைக்கு வந்தார். ஆர்.கே.பேட்டையில் பதினாறு விசைத்தறி ஓடும் வீடு. பெண் பார்க்க வந்தபோது காபியில் சர்க்கரை கம்மி என்று அரை மணி நேரம் பேசாமல் இருந்தவர்.

"பொண்ணுக்கு மாமியார்" என்றார் கௌரியம்மாள், ராஜ்யத்தின் பெயரைச் சொல்வது போல.

சுந்தரத்துக்குச் சட்டென்று நினைவு வந்தது. பெண் தன் மாமியாரை 'அத்தை' என்றுதானே கூப்பிடுவாள் என்று, மாமியார் அச்சை அத்தை அச்சுக்குக் கீழே வைத்திருந்தான். டைப் அடிக்கிற வேலை மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டான். இப்போதுதான் அத்தையின் சீட்டு கீழே இறங்க வழி வெட்டிக் கொடுத்திருக்கிறான்.

பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்று பங்காரு போன மாதம்தான் பேட்டரி வாங்கி மாட்டியிருந்தார். அது பீப் பீப் என்று கத்தியது. திரை அணையவில்லை. ஸ்னேகா பீப்புக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"சர்க்கரை வியாதி என்று ஸ்வீட்டை ஒதுக்குவார். இரண்டு மைசூர்பாகு கைப்பைக்குள் போகும். கேட்டால் பேரனுக்கு என்பார்."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். மேடையில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். குணசேகரன் தூணைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது சம்பந்தியம்மாவைத் திருட்டுத் தீனிக்காரி என்று டிவி போட்டு அறிவித்த கல்யாணம் திருத்தணியில் அதற்கு முன் நடந்ததில்லை. சுந்தரம் மனதுக்குள் அரிசி களைய ஆரம்பித்துவிட்டான்.

கௌரியம்மாள் திரையைப் பார்த்தார். அசையாமல் பார்த்தார். பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

அவர் கணவர் சிங்காரம் சிரித்துக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்திலிருந்து இன்றுவரை மனைவி பக்கத்திலேயே நின்ற அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஊமை என்றே பெண் வீட்டார் நினைத்திருந்தார்கள்.

"முப்பது வருஷம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முப்பது வருஷமா நான் சொல்ல முடியாததை இந்தப் பொட்டி ஒரே நிமிஷத்துல சொல்லிடுச்சு. கௌரி, பையைத் தொற."

கௌரியம்மாள் பையைத் திறக்கவில்லை. சிங்காரம் பார்த்துக்கொண்டே நின்றார். பத்துப் பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் பை திறந்தது. உள்ளே, காலை டிபன் இலையிலிருந்து வந்த மைசூர்பாகு இரண்டு, காகிதத்தில் மடித்து.

"பேரனுக்கு" என்றார் கௌரியம்மாள்.

மண்டபம் அதிர்ந்தது. மேடையில் ஐயர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கௌரியம்மாள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குணசேகரனின் தங்கை அவர் அருகில் போய் நின்று, தன் பையையும் திறந்து காட்டினார். அதிலும் இரண்டு.

"உங்களுக்கும் பேரனா?" என்றார் கௌரியம்மாள்.

"ஆங். இன்னும் பொறக்கல."

இரண்டு அத்தைகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாலையும் அங்கேயே காலி செய்தார்கள். காபிச் சர்க்கரை விவகாரம் அதோடு தீர்ந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு கௌரியம்மாள் மேஜைப் பக்கம் விரலை நீட்டினார்.

"ஏய் பொண்ணே, மாமனார்னு அமுக்கு. இவரைப் பத்தி இன்னா எழுதிகீதுன்னு நானும் பாக்கிறேன்."

ஸ்னேகா அமுக்கினாள். "குறிப்பு, வீட்டில் பேச மாட்டார். வெளியே பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும்."

"கரெக்டு" என்றார் கௌரியம்மாள்.

அதற்குப் பிறகு மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. வந்தவர்கள் தங்கள் சீட்டைக் கேட்டார்கள், அதைவிட ஆசையாகப் பக்கத்தில் நின்றவரின் சீட்டைக் கேட்டார்கள். பாவா வந்தார்: 'போட்டோவில் நடுவில் நிற்பார், நகர்த்தினால் மறுபடி நடுவுக்கு வருவார்.' போட்டோகிராபர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஸ்னேகாவைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தப்பா வந்தார்: 'இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே எட்டுச் சாப்பிடுவார்.' பரிமாறுகிறவர்கள் உள்ளேயிருந்து, "ஒன்பது" என்று திருத்தினார்கள். பெரிய மாமா டிபன் முடித்து வந்து, தன்னுடையதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லி, 'இரண்டு பேர் போதாது' வரும்போது மீசையைத் தடவிக்கொண்டார். மணப்பெண் மேடையிலிருந்து ஆளனுப்பி மாப்பிள்ளையின் சீட்டைக் கேட்டு வரச் சொன்னாள். 'தங்கமான பிள்ளை. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவான்' என்று பதில் போனது. ஐயர் அப்போது மாப்பிள்ளையைத் தாலி வாங்கிக்கொள்ளச் சொல்லி இரண்டாவது தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவையில் தாலி ஏறியது. அட்சதை போட்ட கையோடு ஜனம் மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது.

குணசேகரன் சுந்தரத்தின் தோளில் கை போட்டார். "ஒண்ணு விடாம அப்படியே எங்க குடும்பம்பா. புட்டுப் புட்டு வெச்சுகீற. நாப்பது வருஷம் கூட இருந்த எனக்கே இதுல பாதி இன்னிக்குத்தான் தெரியும்."

பங்காரு நாற்காலி மேல் ஏறி நின்றார். மூன்று மண்டபத்திலும் இந்தப் பெட்டிதான் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். பேட்டரி தன் சொந்த யோசனை என்பதையும் சேர்த்துக்கொண்டார். பெரிய மாமா தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சுந்தரத்துக்குப் போட்டார். அது அவன் முழங்கால் வரைக்கும் தொங்கியது.

மணமக்களுக்குப் பிரசாதம் கொண்டு வந்திருந்த சாமிநாதன் தூக்குப் பாத்திரத்தோடு கடைசி வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகனிடம் வந்தார். மாலையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆடிக் கிருத்திகைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார்.

சுந்தரத்துக்கு அதற்கு மேல் இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. திரையை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வரி, மொத்தமே இரண்டு வரிதான் சேர்த்தான். கணேஷ்ராமுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் தூணுக்குப் பின்னால் போகாமல், இங்கேயே நின்று.

அப்போதுதான் வாசலில் காமேஸ்வரி அம்மாள் தெரிந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்த களைப்பு, கையில் ஒரு குடை. சுந்தரம் மாலையோடு ஓடிப் போய் வரவேற்றான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவும், ஒருத்தரிடமும் பெயரைச் சொல்லவில்லை என்றும் காதோடு சொன்னான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைக்கு மேலிருந்த திரையில் அத்தையின் சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு அத்தைகளையும் பார்த்தார். மீசை மாமாவைப் பார்த்தார். மேடையில் இருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு சுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, மண்டபத்துக்குப் பாக்கிப் பணம் கட்டலாம்னு வந்தேன். என் பொண்ணு கல்யாணம் வர்ற வெள்ளிக்கிழமை ஆச்சே. யாருன்னே தெரியாத இவங்க கல்யாணத்துல எங்க வூட்டு மாமனையும் அத்தையையும் எதுக்குக் காட்டிகினு கீற?"